லினக்ஸ் கற்க எந்தப் புத்தகத்தை வாங்குவது?

போன மாதம், கல்லூரியில் இறுதியாண்டு படிக்கும் சொந்தக்காரத் தம்பி ஒருவன் கேட்டான்: "அண்ணா, லினக்ஸ் படிக்கணும். ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்க, வாங்கிடறேன்." அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களும் இதையேதான் கேட்கிறார்கள். ஒரு காலத்தில் எல்லோருக்கும் ஒரே பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அதில் பலர் மூன்றாம் அத்தியாயத்தைத் தாண்டவில்லை. தப்பு அவர்கள் மேல் இல்லை. ஸ்கூட்டர் ஓட்டப் பழக வந்தவர்களிடம் இஞ்சின் பிரிக்கும் புத்தகத்தைக் கொடுத்தது நான்தான்.

கடையில் ஒரே அலமாரியில் இருந்தாலும் லினக்ஸ் புத்தகங்கள் நாலு வெவ்வேறு வேலைக்கானவை. இந்தமுறை தம்பிக்குப் பதில் சொல்வதற்கு முன், என்னிடம் இருப்பவற்றையும் நான் படித்தவற்றையும் எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன்.

## எதை வைத்து எடை போடுவது

எந்த வேலைக்கு? கருப்புத் திரையில் கட்டளை கொடுத்துப் பழகுவது ஒன்று. சர்வரைப் பார்த்துக்கொள்வது இரண்டு. ஆபரேட்டிங் சிஸ்டம் (ஓஎஸ்) என்பது உள்ளே என்ன செய்கிறது என்று புரிந்துகொள்வது (அல்லது அதில் பரீட்சை எழுதுவது) மூன்று. லினக்ஸ் மேல் சி மொழியில் நிரல் எழுதுவது நாலு. அடுத்த மூன்று மாதத்தில் நீங்கள் செய்யப்போவது இதில் எது? 'எல்லாமே' என்று பதில் வந்தால் முதலாவதில் தொடங்குங்கள்.

புத்தகத்தின் வயது. இதில் நான் நன்றாக ஏமாந்திருக்கிறேன். திருவல்லிக்கேணி பாரதி சாலையில் நடைபாதைக் கடை ஒன்றில் தடித்த புத்தகம் ஒன்று கிடைத்தது. ரெட் ஹேட் லினக்ஸ் 9-க்கானது (ரெட் ஹேட், உபுண்டு, டெபியன், ஃபெடோரா, செண்ட்ஓஎஸ் எல்லாம் லினக்ஸின் வெவ்வேறு ரகங்கள்), பின்னட்டைக்குள் சிடி, விலை நூற்றைம்பது ரூபாய். செம லாபம் என்று தூக்கிக்கொண்டு வந்தேன். புதிதாக நிறுவிய உபுண்டுவைத் திறந்துவைத்து, நெட்வொர்க் அத்தியாயத்தோடு உட்கார்ந்தேன். 'ஐஎஃப்கான்ஃபிக்' அடி என்றது புத்தகம். அப்படி ஒரு கட்டளை இல்லை என்றது மெஷின். 'ஈத்0' என்ற கார்டுக்கான கோப்பைத் திருத்து என்றது. என் மெஷினில் கார்டின் பெயர் 'ஈஎன்பி3எஸ்0'. புத்தகம் சொன்ன ஃபோல்டரே கிடையாது. நெட்வொர்க் சர்வீஸை நிறுத்தித் தொடங்கு என்றது. அந்தப் பெயரிலும் எதுவும் இல்லை. ஒரு மணி நேரம் என் மேலேயே சந்தேகப்பட்டுவிட்டு, அப்புறம்தான் பதிப்பு விவரம் உள்ள பக்கத்தைப் புரட்டினேன். 2003.

நடந்தது என்னவென்றால், 2014-ல் ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 7-ம், 2015-ல் டெபியன் 8-ம் உபுண்டு 15.04-ம் சிஸ்டம்டி-க்கு மாறிவிட்டன. மெஷின் எழுந்திருப்பது, பின்னணியில் ஓடும் சர்வீஸ்களைத் தொடங்குவது, லாக் எழுதுவது எல்லாமே அதன் கைக்குப் போய்விட்டது. நெட்வொர்க்கிலும் 'ஐபி' என்ற கட்டளை பழையதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. எத்தனையோ புத்தகங்கள் பயிற்சிக்குச் சொன்ன செண்ட்ஓஎஸ் லினக்ஸும் கதை முடிந்தது: 8-ம் பதிப்பு 2021 கடைசியில், 7-ம் பதிப்பு 2024 ஜூனில். ஆகவே நிர்வாகம் சொல்லித்தரும் புத்தகம் 2015-க்கு முந்தையது என்றால் பழைய பேப்பர் விலைக்குக்கூட வாங்காதீர்கள்.

ஆனால் எல்லாப் புத்தகமும் ஒரே வேகத்தில் பழசாவதில்லை. சொல்லைத் தேடும் 'கிரெப்', ஒரு கட்டளையின் விளைவை இன்னொன்றுக்கு அனுப்பும் பைப் எல்லாம் லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸின் 1970-கள் சரக்கு. இன்றும் அதே மாதிரிதான் வேலை செய்கின்றன. கட்டளைப் பயிற்சிப் புத்தகம் பத்து வயது ஆனதாக இருந்தாலும் பரவாயில்லை. ஓஎஸ் கோட்பாட்டுப் புத்தகத்துக்கு இருபது வயதானாலும் பாதகமில்லை. லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே கை வைக்கும் புத்தகங்கள்தான் சீக்கிரம் கெட்டுப்போகும். டிவைஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதச் சொல்லித்தரும் பிரபலமான நூலின் மூன்றாம் பதிப்பு 2005-ல் வந்தது, 2.6 கெர்னலை வைத்து. இலவசமாகவே கிடைக்கிறது. இன்றைய கெர்னலில் அதன் உதாரணங்களை அப்படியே எடுத்துப் போட்டால் கம்பைல் ஆகாது.

கையில் ஒட்டுமா? ஒரு பக்கம் படித்தால் அரைப் பக்கமாவது அடித்துப் பார்க்க வேண்டும். வெறுமனே படித்துக்கொண்டே போகவைக்கும் புத்தகம் நீச்சலைக் கரையில் உட்கார்ந்து கற்றுக்கொடுப்பது மாதிரி.

அட்டையில் போடாத செலவு. இலவசப் பிடிஎஃப் என்று எடுத்துக்கொண்டு போய் ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தால், பக்கத்துக்கு ஒரு ரூபாய் வைத்தாலும் 500 பக்கத்துக்கு 500 ரூபாய், ஸ்பைரல் தனி. உடைத்து விளையாட ஒரு மெஷின் வேண்டும். லேப்டாப்பில் 4 ஜிபி ராம்தான் என்றால் விர்ச்சுவல்பாக்ஸில் (மெஷினுக்குள் இன்னொரு மெஷினை ஓட்டும் மென்பொருள்) டெஸ்க்டாப் இல்லாத டெபியன் போடுங்கள், 1 ஜிபி கொடுத்தால் ஓடும். எல்லாவற்றையும் விடப் பெரிய செலவு நேரம். 1,500 பக்கப் புத்தகத்தைப் பாதியில் வைத்தால் காசு மட்டுமா போகிறது, 'நமக்கு இது வராது' என்ற நினைப்பும் சேர்ந்து உட்கார்ந்துவிடுகிறது.

கடையில் நின்றபடியே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. அனுமதிகள் பற்றிய பக்கத்தைத் திறங்கள். கோப்புக்கு 'எக்ஸ்' என்றால் இயக்கலாம் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். டைரக்டரிக்கு 'எக்ஸ்' என்றால்? 'இயக்கும் அனுமதி' என்றே அங்கும் எழுதியிருந்தால், எழுதியவர் யோசிக்கவில்லை, வைத்துவிடுங்கள். டைரக்டரியில் அது உள்ளே நுழையும் அனுமதி. 'ஆர்' (படிக்கும் அனுமதி) மட்டும் இருந்து 'எக்ஸ்' இல்லாவிட்டால், வாசலில் நின்று பெயர்ப் பலகையைப் படிக்கலாம், வீட்டுக்குள் போக முடியாது. இதை உதாரணத்தோடு சொல்லும் புத்தகத்தை நம்பி வாங்கலாம்.

## வில்லியம் ஷாட்ஸ்: 'த லினக்ஸ் கமாண்ட் லைன்'

முதல் முறை தொடங்குபவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். இரண்டாம் பதிப்பு 2019. ஆசிரியரே தன் தளத்தில் பிடிஎஃப்பை இலவசமாகக் கொடுக்கிறார், கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில். அச்சுப் பிரதி வேண்டுமென்றால் காசு.

நாலு பகுதிகள். ஷெல்லில் (கட்டளைகளை வாங்கி இயக்கும் நிரல்) நடமாடப் பழகுவது, சூழலை நமக்கேற்ப அமைத்துக்கொள்வது, அன்றாடக் கருவிகள், கடைசியாகக் கட்டளைகளைக் கோப்பாக எழுதி ஓட்டும் ஷெல் ஸ்கிரிப்ட். உபுண்டுவோ ஃபெடோராவோ, எதில் உட்கார்ந்தாலும் பெரும்பாலும் செல்லும். ஆங்கிலமும் எளிது, தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவர்கள்கூட அகராதி இல்லாமல் போகலாம். ஒவ்வொரு கட்டளையையும் காட்டி, அது திரையில் என்ன துப்பும் என்பதையும் கூடவே காட்டுவதால், நாம் சரியாகத்தான் போகிறோமா என்று உடனே தெரிந்துவிடும்.

குறை என்ன? சர்வர் நிர்வாகம் இதில் கிடையாது. ஒரு சர்வீஸ் ஏன் எழவில்லை என்று கண்டுபிடிக்க இது உதவாது. ஸ்கிரிப்ட் பகுதி நீளம். எல்லோருக்கும் அத்தனை வேண்டியதில்லை. முதல் மூன்று பகுதிகளை முடித்துவிட்டு நிறுத்திக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொண்டால் ஆறு வாரத்தில் அதுவரை வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

## து. நித்யா: 'எளிய தமிழில் ஜிஎன்யூ/லினக்ஸ்'

2012 முதல் வந்துகொண்டிருக்கும் கணியம் இதழ் வட்டத்திலிருந்து வந்த நூல். இரண்டு பாகங்கள், மின்னூலாக இலவசம். ஆங்கிலம்தான் தடை என்று நினைத்து ஒதுங்குபவர்களுக்கு இது கதவைத் திறந்துவிடும். பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நினைக்கும் ஆசிரியர்களுக்கும் இதைத்தான் கொடுப்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். மெஷின் சொல்லும் பிழைச் செய்தி ஆங்கிலத்தில்தான் வரும், மெஷினிலேயே இருக்கும் கட்டளை விளக்கங்களான 'மேன்' பக்கங்களும் அப்படியே. தமிழில் கருத்தைப் பிடித்துக்கொண்டு, ஒரு கட்டத்தில் ஷாட்ஸுக்குத் தாவ வேண்டியிருக்கும். அந்தத் தாவலைத் தள்ளிப்போடப்போட, அது கஷ்டமாகிறது. என் யோசனை: இரண்டையும் பக்கத்தில் வைத்து, ஒரு தலைப்பைத் தமிழில் படித்து, அதையே ஆங்கிலத்தில் பார்த்து அடிப்பது.

## பிரையன் வார்ட்: 'ஹவ் லினக்ஸ் ஒர்க்ஸ்'

என் தனிப்பட்ட பாசம் இந்தப் புத்தகத்தின் மேல்தான். மூன்றாம் பதிப்பு 2021-ல் வந்தது, சிஸ்டம்டி உண்டு, நிரல்களைத் தனித்தனியாகப் பிரித்து ஓட்டும் கண்டெய்னர்கள் பற்றியும் ஒரு அத்தியாயம் உண்டு. பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து லாகின் திரை வருகிறவரை நடப்பதை ஒவ்வொரு படியாக விளக்குகிறது. டிஸ்க் எப்படிப் பிரிக்கப்படுகிறது, ஒரு பென்டிரைவைச் செருகியதும் யார் யாருக்குத் தகவல் போகிறது, பாக்கெட் எந்த வழியாக வெளியே போகிறது என்பதெல்லாம் தெளிவாக இருக்கும்.

ஆனால் முதல் புத்தகமாக இதைக் கொடுத்துத்தான் பலரை விரட்டியிருக்கிறேன். கட்டளைகளுக்கு ஒரு சுருக்கமான அத்தியாயம் இருந்தாலும், ஷெல்லில் கை பழகியவருக்குத்தான் இது ருசிக்கும். ஓராண்டு வேலை பார்த்துவிட்டு, 'ஆமாம், நாம் தினமும் அடிக்கும் இந்தக் கட்டளை உண்மையில் என்ன செய்கிறது?' என்று கேள்வி வரும்போது திறந்தால் கீழே வைக்க மனம் வராது. சப்போர்ட் வேலையிலிருந்து அடுத்த படிக்குப் போக நேர்காணலுக்குத் தயாராகிறவர்களுக்கு இதைவிட நல்ல காசுச் செலவு எனக்குத் தெரியவில்லை. 'மெஷின் எழவில்லை, என்ன செய்வாய்?' என்ற கேள்விக்குப் பதில் இதில் இருக்கிறது.

## ஈவி நெமத் குழுவினரின் நிர்வாகக் கையேடு

யூனிக்ஸ், லினக்ஸ் நிர்வாகத்துக்கான செங்கல். முதல் பதிப்பு 1989, ஐந்தாம் பதிப்பு 2017, ஆயிரம் பக்கத்துக்கு மேல். நெமத் 2013-ல் நியூசிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் பாய்மரக் கப்பலில் போகும்போது காணாமல்போனார். ஐந்தாம் பதிப்பு அதற்குப் பிறகு வந்தது. அனுபவப்பட்டவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து 'இதைச் செய், அதைத் தொடாதே' என்று சொல்கிற தொனி முழுக்க இருக்கும். டிஎன்எஸ், மெயில், பேக்கப், கிளவுட் என்று தொடாத தலைப்பு குறைவு.

அட்டை முதல் அட்டை வரை படிக்க இதை வாங்காதீர்கள், படிக்க மாட்டீர்கள். ஐந்தாறு பேர் இருக்கும் குழு என்றால் அலுவலகக் காசில் ஒன்று வாங்கி மேசையில் போடலாம். செண்ட்ஓஎஸ் என்று வரும் இடங்களில் அதன் இடத்துக்கு வந்த ராக்கி அல்லது அல்மா என்று மனதுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கிளவுட் பகுதிக்கும் வயது தெரிகிறது. தனி ஆளாகக் கற்பவர் நூலகத்தில் பார்த்தால் போதும்.

## ரெட் ஹேட் சான்றிதழ் வழிகாட்டிகள்

ஆர்எச்சிஎஸ்ஏ என்ற சான்றிதழுக்கு இஎக்ஸ்200 என்ற தேர்வு. நாலில் ஒன்றை டிக் அடிக்கிற தேர்வு கிடையாது. மெஷினைக் கொடுத்து, இதைச் செய்துகாட்டு என்பார்கள். இணையம் கிடையாது, மெஷினிலேயே இருக்கும் 'மேன்' பக்கங்களைப் பார்க்கலாம். அதனால் இதற்கான நூல்களில் பயிற்சிகள் நிறைய, விளக்கம் குறைவு. வேலைக்கு அந்தச் சான்றிதழைக் கேட்கிறார்கள் என்றால் தாராளமாக வாங்கலாம்.

மறைந்திருக்கும் செலவு, பதிப்பு எண். ரெட் ஹேட் 9 வந்தது 2022-ல், 10 வந்தது 2025-ல். தேர்வு எந்தப் பதிப்பில் நடக்கிறது என்று பார்க்காமல் தள்ளுபடியில் கிடைத்த பழையதை வாங்கினால், தேர்வுக் கட்டணத்தையும் சேர்த்து இழக்க நேரிடும். அந்தக் கட்டணம் புத்தக விலையைப் போலப் பல மடங்கு.

## டைனோசரா, 'மூன்று எளிய துண்டுகளா'?

கணினி அறிவியல் மாணவர்களுக்கு டைனோசர் புத்தகத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சில்பர்ஷாட்ஸ், கால்வின், கேக்னே எழுதிய 'ஆபரேட்டிங் சிஸ்டம் கான்செப்ட்ஸ்'. முதல் பதிப்பு 1983, பத்தாம் பதிப்பு 2018. அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தில் பாடநூல். இதற்குப் போட்டியாக, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஆர்பாசி-டுசோ தம்பதி எழுதிய 'ஆபரேட்டிங் சிஸ்டம்ஸ்: த்ரீ ஈஸி பீசஸ்'. அத்தியாயம் அத்தியாயமாக இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

பார்ட் பி கேள்விக்குப் பதில் எழுத டைனோசர்தான். பேங்கர்ஸ் அல்காரிதம், பேஜ் ரிப்ளேஸ்மென்ட் என்று கேள்வி வரும் வரிசையிலேயே தலைப்புகள் இருக்கும். புரிந்துகொள்ள வேண்டும் என்றால் நான் இரண்டாவதன் பக்கம். பெலாடியின் முரணை எடுத்துக்கொள்ளுங்கள். 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5 என்ற வரிசையில் நினைவகப் பக்கங்கள் கேட்கப்படுகின்றன. முதலில் வந்தது முதலில் வெளியே என்ற முறை. மூன்று ஃபிரேம் (ஒரு பக்கம் உட்காரும் இடம்) இருந்தால் 9 முறை பக்கம் கிடைக்காமல் போகும். நினைவகத்தைக் கூட்டி நாலு ஃபிரேம் கொடுத்தால் 10. பரீட்சைக்காகக் கட்டம் போட்டு இதை நிரப்பாதவர் கிடையாது. ஆனால் 'த்ரீ ஈஸி பீசஸ்' கூடவே தரும் பைத்தான் சிமுலேட்டரில் எண்களை மாற்றி மாற்றி ஓட்டும்போதுதான், அதிகம் கொடுத்தும் ஏன் மோசமாகிறது என்று மண்டையில் ஏறியது எனக்கு.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்த இரண்டில் எதைப் படித்து முடித்தாலும், ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பிவிட்டால் என்ன செய்வது என்று தெரியாது. ஓஎஸ் தாளில் நல்ல மதிப்பெண் வாங்கிவிட்டு, வேலையில் சேர்ந்த முதல் நாள் டெர்மினலைப் பார்த்து விழிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

## மைக்கேல் கெரிஸ்க்: 'த லினக்ஸ் புரோகிராமிங் இன்டர்ஃபேஸ்'

2010-ல் வந்தது, 1,500 பக்கத்துக்கு மேல். 'மேன்' பக்கங்களைப் பல ஆண்டுகள் பராமரித்தவரே எழுதியது. பழசாயிற்றே என்று தோன்றும். ஆனால் கெர்னல் தன் உள்ளே எதை மாற்றினாலும், வெளியே நிரல்கள் அழைக்கும் சிஸ்டம் கால்களை உடைக்காது என்பது லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் பிடிவாதமாகக் காக்கும் விதி. அதனால் இதன் உதாரணங்கள் இன்றும் ஓடுகின்றன. அதன் பிறகு வந்த ஐஓ-யூரிங் போன்ற புது வசதிகள் இருக்காது, அவ்வளவுதான். எம்பெடட் வேலையில் இருப்பவர்கள் வாங்கலாம். சி தெரியாதவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| புத்தகம் | யாருக்கு | விலை | வயதால் பாதிப்பு | மறைந்த செலவு |
|---|---|---|---|---|
| ஷாட்ஸ் | புதிதாகத் தொடங்குபவர் | பிடிஎஃப் இலவசம் | மிகக் குறைவு | அச்சடித்தால் ஜெராக்ஸ் காசு |
| து. நித்யா | தமிழில் தொடங்க விரும்புபவர் | இலவசம் | குறைவு | பிறகு ஆங்கிலத்துக்குத் தாவ வேண்டும் |
| வார்ட் | ஓராண்டு அனுபவம் உள்ளவர் | காசு | 2021 பதிப்பு என்றால் இல்லை | முதல் நூலாக எடுத்தால் சலிப்பு |
| நெமத் | நிர்வாகக் குழு | காசு, அதிகம் | கிளவுட் பகுதியில் உண்டு | முழுதும் படிக்க முடியாது |
| சான்றிதழ் வழிகாட்டி | தேர்வு எழுதுபவர் | காசு | மிக அதிகம் | தேர்வுக் கட்டணம் |
| டைனோசர் | செமஸ்டர் மாணவர் | காசு, நூலகத்தில் கிடைக்கும் | இல்லை | கை பழகாது |
| த்ரீ ஈஸி பீசஸ் | புரிந்துகொள்ள விரும்புபவர் | இலவசம் | இல்லை | கொஞ்சம் சி, பைத்தான் தெரிய வேண்டும் |
| கெரிஸ்க் | சி நிரலாளர் | காசு, அதிகம் | குறைவு | மாதக்கணக்கில் நேரம் |

யூடியூப் போதாதா என்று கேட்பீர்கள். பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் வீடியோவில் தேட முடியாது. மூன்று மாதம் கழித்து அந்த ஒரு கட்டளை எந்த நிமிடத்தில் வந்தது என்று தேடும்போது அருமை தெரியும். 'மேன்' பக்கங்களை மட்டும் வைத்துக் கற்கலாம் என்பவர்களும் உண்டு. அது அகராதியை வைத்து மொழி கற்பது மாதிரி. மொழி கொஞ்சம் வந்த பிறகு அதைப் போல ஒரு துணை கிடையாது. டெலிகிராமில் சுற்றும் பிடிஎஃப்கள் பற்றி ஒன்றே ஒன்று: எனக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை ஒன்றிரண்டு பதிப்பு பின்தங்கியவை. வயது எத்தனை முக்கியம் என்று மேலேயே பார்த்துவிட்டோம்.

தம்பிக்குச் சொன்னது இது: ஷாட்ஸ் பிடிஎஃப்பை இறக்கிக்கொள், அச்சடிக்காதே. ஓஎஸ் தாளுக்கு டைனோசரைக் கல்லூரி நூலகத்தில் எடு. மிச்சமாகும் காசில் வார்ட் வாங்கலாம், ஆனால் வேலையில் சேர்ந்த பிறகு. "ஒரு புத்தகம் கேட்டா மூணு சொல்றீங்களே அண்ணா" என்றான்.

போன ஞாயிறு ராத்திரி வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். ஒரு டைரக்டரிக்கு 744 (மற்றவர்களுக்கு 'ஆர்' மட்டும்) என்று அனுமதி கொடுத்துவிட்டு, இன்னொரு பயனராக நுழைந்து பட்டியல் கேட்டிருக்கிறான். கோப்புகளின் பெயர் மட்டும் தெரிகிறது. அளவு, தேதி, உரிமையாளர் வரவேண்டிய இடமெல்லாம் வரிசையாகக் கேள்விக்குறி. "அண்ணா, மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டிருந்தான். ஷாட்ஸில் ஒன்பதாம் அத்தியாயம் என்று மட்டும் பதில் போட்டேன். பத்து நிமிடம் கழித்து வந்தது: "ஓ, எக்ஸ் இல்ல."